ஞாயிற்றுக்கிழமை நாய்க் காப்பகம்: சிங்கப்பூர் போகும் தம்பிகளுக்கு

பாம்பனிலிருந்து சிங்கப்பூர் கிளம்புகிற தம்பிகள் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து இரண்டு விஷயம் கேட்பார்கள். டார்மிட்ரியில் சாப்பாடு எப்படி, மாதம் எவ்வளவு ஓட்டி (ஓவர்டைம்) கிடைக்கும். போன மாதம் ஒரு தம்பி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்று கேட்டான். "அண்ணே, நீங்க ஞாயித்துக்கிழமை ஆனா நாய்க் காப்பகத்துக்குப் போயிருவீங்களாமே, நானும் போகணும்னா என்ன செய்யணும்?" அன்றைக்கு அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் துவாஸ் என்கிற இடத்தில், ஒரு ஷிப்யார்டில் ஒன்பது வருஷம் சாரம் கட்டினேன். அதில் கடைசி ஆறு வருஷம், ஓட்டி இல்லாத ஞாயிறெல்லாம் ஒரு காப்பகத்தில்தான் கழிந்தது. சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லாத இடம் அது. பேங்கில் வேலை பார்க்கிற பெண், பள்ளிக்கூட ஆசிரியர், டாக்ஸி ஓட்டுகிற அங்கிள் என்று பலர் தங்கள் லீவு நாளைக் கொடுத்து நடத்தினார்கள். நூற்றுக்கு மேல் நாய்கள். காப்பகத்தின் பெயரை நான் எழுதவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊர்க் காப்பகங்களில் இருக்கிற நாய்களில் நம் ஆட்கள் சோறு போட்டு வளர்த்தவையும் உண்டு. சிங்கப்பூரில் நம்மூர் போலத் தெருவுக்குத் தெரு நாய் கிடையாது. கட்டட சைட், தொழிற்பேட்டை, காட்டோரம், இப்படி மனிதர் அதிகம் குடியிருக்காத இடங்களில்தான் இருக்கும். அங்கே வேலை பார்க்கிறவர்களில் நாமும் பங்களாதேஷ்காரர்களும் அதிகம். மத்தியானச் சோற்றில் ஒரு பிடி வைக்கிறோம், நாய் நம்மோடு ஒட்டிக்கொள்கிறது, ராத்திரி சைட்டைக் காக்கிறது. புராஜெக்ட் முடிந்ததும் நாம் லாரி ஏறி அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறோம். நாய் அங்கேயே நிற்கிறது.

இது எனக்குப் புரிந்தது கோப்பி என்கிற நாயால். டிக்காஷன் தூக்கலான காப்பி நிறத்தில் ஒரு பெட்டை நாய். நான் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம் அதன் கூண்டைக் கழுவச் சொன்னார்கள். "கிட்டே போகாதே, பயந்து மிரளும்" என்று காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற ஆன்ட்டி எச்சரித்தார். வந்து ஆறு மாதமாகியும் யார் கைக்கும் வரவில்லையாம். பின்சுவரோடு ஒட்டி, முகத்தை மூலைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் தண்ணீர்ச் சட்டியை மாற்றிவிட்டு, வீட்டு நாயிடம் சொல்கிற பழக்கத்தில் "இந்தா, தண்ணி குடி" என்றேன். இடது காது திரும்பியது. முகம் திரும்பவில்லை, காது மட்டும். கொஞ்சம் பொறுத்து "இங்க வா" என்றேன். வால் நுனி தரையில் ஒரே ஒரு தட்டு தட்டியது. வெளியே நின்ற ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். ஆங்கிலத்திலும் சீனத்திலும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தெரிந்தது தமிழ். ஒரு சைட்டை மூடுகிறபோது பிடித்து வந்த நாய் என்று பிறகு சொன்னார்கள். எந்த ஊர்த் தம்பி அதற்குச் சோறு போட்டாரோ, தெரியாது.

அதனால் முதல் வேண்டுகோள் இதுதான். உங்கள் சைட்டில் நாய் இருந்தால், வேலை முடிவதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே ஒரு காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த ஊரில் 2018லிருந்து அரசே ஒரு திட்டம் நடத்துகிறது. தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, மைக்ரோசிப் வைத்து, முடிந்தால் வீடு தேடிக் கொடுக்கிறார்கள், முடியாவிட்டால் தகுந்த இடத்தில் விடுகிறார்கள். காப்பகங்களும் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. எத்தனை நாய், எந்த நேரத்துக்கு எங்கே சாப்பிட வரும், குட்டி போட்டிருக்கிறதா, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பிடிக்க வருகிறவர்களுக்கு இந்தத் தகவல் பெரிய உதவி. நீங்களே கயிறு போட்டுப் பிடிக்கப் போகாதீர்கள்.

எழுதிக் கேட்டுப் போங்கள்

காப்பகத்துக்கு நினைத்த நேரத்தில் போய் நிற்கக் கூடாது. அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்திலோ இன்ஸ்டாகிராமிலோ நாலு வரி எழுதுங்கள். ஆங்கிலம் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. என் பெயர் இது, இங்கே வேலை பார்க்கிறேன், மாதம் இத்தனை ஞாயிறு வர முடியும், இன்ன கைத்தொழில் தெரியும், இவ்வளவு போதும். பதில் வர இரண்டு வாரம் ஆகலாம். பதில் போடுகிறவருக்கும் அது ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்கிற வேலை. கோபப்படாமல் இன்னொரு முறை எழுதுங்கள்.

எத்தனை ஞாயிறு என்று சொல்கிறபோது குறைத்தே சொல்லுங்கள். மாதம் நாலு என்று சொல்லி ஒன்று வருவதைவிட, மாதம் ஒன்று என்று சொல்லி அந்த ஒன்றுக்குத் தவறாமல் வருவது மேல். ஆள் வரும் என்று நம்பி ஒரு வரிசைக் கூண்டை உங்கள் பெயரில் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் வராவிட்டால் அந்த வரிசை நாய்களுக்கு அன்று நடை கிடையாது. ஆறு நாள் கூண்டுக்குள் இருந்த நாய்க்கு அந்த அரை மணி நேரம்தான் வெளியுலகம். உடம்பு சரியில்லை, திடீரென்று ஓட்டி வந்துவிட்டது என்றால் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள்.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது. காப்பகத்தில் காசாக எதையும் கையில் வாங்காதீர்கள், பஸ் காசு என்று கொடுத்தாலும் வேண்டாம். பெர்மிட்டுக்கு வெளியே கூலிக்கு வேலை பார்ப்பது அந்த ஊரில் குற்றம். மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு விசிட்டில் போகிறவர்கள், தங்கள் விசாவில் இப்படி உதவி செய்யலாமா என்று காப்பகத்தாரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பகங்கள் பல சுங்கை தெங்கா பக்கம் இருக்கின்றன. துவாஸிலிருந்து வருகிறவர்கள் ஜூரோங் ஈஸ்டில் ரயில் மாறி, சுவா சூ காங்கில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிறு காலை பஸ் தாமதமாகும். கடை கண்ணி பக்கத்தில் இருக்காது, தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

முதல் நாள்

மூடிய ஷூ, முழங்காலுக்குக் கீழே வரும் பேன்ட், தூக்கி எறிந்தாலும் கவலைப்படாத சட்டை. பையில் மாற்றுத் துணி ஒரு செட். சென்ட் அடிக்காமல் போங்கள், நாய் உங்கள் வாசனையை வைத்துத்தான் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும். யார்டில் போடுகிற சேஃப்டி ஷூவோடு நான் ஒருமுறை போனேன். அதன் சத்தத்துக்கே இரண்டு நாய்கள் உள்ளே ஒதுங்கிவிட்டன. அப்புறம் காப்பகத்துக்கென்று ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கி அங்கேயே வைத்துவிட்டேன்.

பூட்ஸை அங்கேயே வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்வோ என்கிற வைரஸ் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் தாண்டிக் குதிக்காமல் காலை நனைத்துவிட்டே உள்ளே போங்கள். கழுவுகிற வரிசையும் இதனால்தான். முதலில் குட்டிகள் இருக்கும் கூண்டு, அடுத்து ஆரோக்கியமான நாய்கள், கடைசியில் நோயாளிகள். திரும்பி வந்து குட்டியைத் தூக்கக் கூடாது. எனக்கு அந்த வரிசை மனப்பாடமாக ஒரு மாதம் பிடித்தது.

முதல் நாள் நாயைக் கையில் கொடுக்க மாட்டார்கள். துடைப்பமும் வாளியும்தான் கொடுப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். மலத்தை அள்ளுகிறவனுக்குத்தான் எந்த நாய்க்கு வயிறு சரியில்லை, எதற்குப் புழு இருக்கிறது, எது இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று முதலில் தெரியும். பார்த்ததைப் பலகையில் எழுதுங்கள், அல்லது ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு கிழட்டு நாயின் சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் இருப்பதை நான் ஒரு நாள் காட்டினேன். உண்ணிக் காய்ச்சல். அன்றே டாக்டரிடம் கொண்டு போனதால் பிழைத்தது.

நாயிடம் நேராக நடந்து போகாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, குத்துக்காலிட்டு, கண்ணைப் பார்க்காமல் உட்காருங்கள். அது வந்து மோந்து பார்க்கட்டும். தலைக்கு மேலே கை போகக் கூடாது, அடி வாங்கிய நாய்க்குத் தலைக்கு மேல் வருகிற கை எல்லாமே அடிதான். தாடைக்குக் கீழே, மார்பில் தடவுங்கள். அடிக்கடி கொட்டாவி விட்டாலோ உதட்டை நக்கினாலோ அதற்குப் பதற்றம் என்று அர்த்தம். வால் ஆட்டுகிற நாயெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். உடம்பு விறைத்து வால் மட்டும் ஆடினால் தள்ளி நில்லுங்கள்.

நடக்கக் கூட்டிப் போகும்போது மிரளுகிற நாய்க்கு இரண்டு கயிறு போடுவார்கள், ஒன்று கழுத்துப் பட்டையில், ஒன்று மார்பு வாரில். இரண்டு கயிறு எதற்கு என்று நினைக்காதீர்கள். லாரி ஹாரன் அடித்தால் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், அந்த ஊர் ரோட்டில் ஓடினால் முடிந்தது. கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி மடக்கிப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றினால் கை பிசகிவிடும், எனக்கு ஒருமுறை ஆனது. வெயில் ஏறிவிட்டால் புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கிய பிரியாணியில் மிச்சம் இருக்கிறது என்று கொண்டு போகாதீர்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். கருவாட்டில் உப்பு அதிகம். ஊரிலிருந்து பூச்சி மாத்திரை வாங்கிப் போவதும் வேண்டாம், எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாயைத் தொட முடியாதவர்களும் வரலாம்

கீழக்கரைத் தம்பி ஒருவர் என் ரூமில் இருந்தார். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர் மார்க்கத்தில் இருக்கிறது. ஆனால் வாயில்லாப் பிராணிக்குத் தண்ணீர் கொடுப்பது நன்மை என்பதும் இருக்கிறது என்று அவரே சொல்வார். என்னோடு ஒரு ஞாயிறு வந்தார். நாய்களை வேறு பக்கம் மாற்றிவிட்டு, பிய்ந்து கிடந்த கம்பி வேலி முழுவதையும் இரண்டு நாளில் கட்டி முடித்தார். ஓட்டை வழியாக நாய்கள் தப்பிப் போவது அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை வந்து வேலியைச் சரிபார்த்துவிட்டுப் போனார். ஒரு நாயைக்கூடத் தொடவில்லை. காப்பகத்தில் அவருக்கு இருந்த மரியாதை எனக்குக்கூடக் கிடையாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் கையில் தொழில் இருக்கிறது. ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் நடத்தும் இடத்தில் கொஞ்சுவதற்கு ஆள் உண்டு, கதவுக் கீலை மாற்ற ஆள் இல்லை. தச்சு தெரியுமா, குழாய் வேலை தெரியுமா, தையல் தெரியுமா, முதல் நாளே சொல்லுங்கள். மின்சார வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

என் பங்குக்கு நான் கொடுத்தது கயிறு. கடையில் வாங்குகிற நாய்க்கயிறு தையலில் பிரிந்துவிடும். எங்கள் அப்பா படகுக் கயிறு பிணைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று புரி நைலான் கயிற்றின் முனையை ஒரு சாண் பிரித்து, கொக்கியின் வளையத்தில் கோர்த்து மடக்கி, ஒவ்வொரு புரியையும் தாய்க்கயிற்றின் ஒரு புரிக்கு அடியில் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். ஐந்து சுற்று செருகி இழுத்தால் முடிச்சே இல்லாமல் இறுகிவிடும், முனையை மெழுகுவத்தியில் சுட்டு உருட்டிவிட வேண்டும். படகையே இழுத்துப் பிடிக்கிற பிணைப்பு, நாய்க்குப் போதாதா? ஊருக்கு வந்த பிறகும் மாதம் ஏழெட்டு கட்டுகிறேன்.

காசு

பணம் கொடுக்க நினைத்தால் ஒருவருடைய சொந்த போன் நம்பருக்கு அனுப்பாதீர்கள், காப்பகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். பதிவு பெற்ற அறநிறுவனமா என்று சிங்கப்பூர் அரசின் அறநிறுவன இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு இல்லாத சின்னக் காப்பகமும் நல்ல இடமாக இருக்கலாம். அப்போது கிளினிக் பில்லைக் கேட்டு, அதை நேரடியாகக் கிளினிக்கில் கட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் மாதம் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். பத்து வெள்ளியா என்று யாரும் சிரித்ததில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு இங்கிருந்து ஐந்நூறு, ஆயிரம் என்று பேங்க் வழியாக அனுப்ப நினைக்காதீர்கள், கட்டணமே பாதியைத் தின்றுவிடும். அங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

போட்டோ எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். வீடு தேடுகிற நாயை நல்ல வெளிச்சத்தில் எடுத்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. ஆனால் கேட், போர்டு, தெருப்பெயர் தெரிகிற மாதிரி போடாதீர்கள். இடம் தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியில் குட்டிகளை வைத்து வாசலில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெயர் எழுதாததும் அதனால்தான்.

டார்மிட்ரியில் இருக்கிற நாம் நாய் வளர்க்க முடியாது. அந்த ஊர்க்காரர்களுக்கே எளிதில்லை. பெரும்பாலானோர் குடியிருக்கும் ஹெச்டிபி என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான் வைக்கலாம், அதுவும் அனுமதித்த சின்ன ஜாதியாக இருக்க வேண்டும். காப்பகத்துக் கலப்பு நாய்களுக்கு 2012ல்தான் தனித் திட்டம் வந்தது, அதிலும் உயர அளவு உண்டு. கோப்பி அளவுக்கு மேலே இருந்தது. தனி வீடு உள்ள ஒரு குடும்பம் கிடைக்க நாலு வருஷம் காத்திருந்தோம். கூட்டிப் போக வந்த அம்மாவுக்கு நான் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் 'வா', 'இரு', 'தண்ணி', 'போதும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சீனர். இன்றைக்கும் அனுப்புகிற வீடியோவில் 'வா வா' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஊருக்குத் திரும்பும்போது

இதை ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 1953லிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை. அங்கே நாயின் பல் பட்டால் கழுவி, டாக்டரிடம் காட்டி, டிடி ஊசி போட்டால் பெரும்பாலும் போதும். அந்தத் தைரியம் உடம்பில் ஊறிவிடும். அதே தைரியத்தோடு பாம்பனில் இறங்கி நாயைத் தடவாதீர்கள். இங்கே அந்த நோய் இருக்கிறது, வந்துவிட்டால் பிழைப்பது கிடையாது. கடித்தாலும் சரி, ரத்தம் வராமல் நகம் கீறினாலும் சரி, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடுவது என்றால் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து மற்ற ஊசிகள். ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். ஒரு தவணையையும் விடக் கூடாது. நான் வந்த முதல் மாதம் ஒரு குட்டி விளையாட்டாகக் கீறியது, நாலு ஊசியும் போட்டுக்கொண்டேன்.

அங்கே கற்ற வேலை இங்கே நன்றாகவே உதவுகிறது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் கழிவை நம்பியே இருக்கும் கரை நாய்கள் அப்போது எலும்பும் தோலுமாகிவிடும். குருணை அரிசியில் உப்புப் போடாமல் கொஞ்சம் சூடை மீனை வேகவைத்துக் குழைத்து, சாயங்காலம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைக்கிறேன். சிந்தியதை அள்ளிவிடுவேன், அப்போதுதான் பக்கத்துக் குடிசைக்காரர் சண்டைக்கு வரமாட்டார். வலை உதறுகிறவர்களிடம் பேத்தை என்கிற விஷ மீனை மணலில் எறியாமல் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறேன், அதைத் தின்ற நாய் தப்பாது.

திண்ணையில் வந்து கேட்ட தம்பி அடுத்த வாரம் திருச்சியிலிருந்து கிளம்புகிறான். முறுக்கு, ஊறுகாய்க்கு நடுவே பெட்டியில் ஓர் ஓரம் விடச் சொல்லியிருக்கிறேன். பழைய டவல் பத்து, அம்மாவின் நைந்த நூல் சேலை இரண்டு, பிணைத்த கயிறு ஒன்பது. நூல் துணிதான் வேண்டும், பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. டவலின் ஓரத்தில் பிரிந்து தொங்குகிற நூலை வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், குட்டிகள் இழுத்து விழுங்கிவிடும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவன் கேட்டில் நிற்பான் என்று ஆன்ட்டிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். "உன்னைப் போலவே தமிழ் பேசுவானா?" என்று கேட்டிருக்கிறார். சைட்டிலிருந்து புதிதாக மூன்று நாய்கள் வந்திருக்கின்றனவாம்.